வகுப்பை முந்தும் பிள்ளைக்கு அடுத்த வகுப்புப் புத்தகம் வேண்டாம்

இரண்டாம் வகுப்புப் பிள்ளை கணக்குகளை மளமளவென்று முடித்தால், முதலில் ஒரு சோதனை. 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 25 என்று எழுதியதும், ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கையில் கொடுத்து, "எனக்குச் சரியா 27 ரூபாய் தா" என்று கேளுங்கள். ஒரு பத்துக்குச் சில்லறை கேட்டால் புரிந்திருக்கிறது. திகைத்து நின்றால், 'கடன் வாங்குவது' வெறும் மனப்பாடம்; அங்கேயே நில்லுங்கள்.

புரிந்த பிள்ளைக்குத் தேவை ஆழம். ஒரே அளவில் நறுக்கிய 24 ஈர்க்குச்சிகள் கொடுங்கள். அத்தனையும் சுற்றளவாக வரும்படி எத்தனை விதச் செவ்வகம் அடுக்கலாம்? 1-க்கு 11 தொடங்கி 6-க்கு 6 வரை ஆறு. எதற்குள் இடம் அதிகம்? சதுரமும் செவ்வகமா என்று பிள்ளை வாதாட வந்தால் விடையைச் சொல்லிவிடாதீர்கள், அந்த வாதம்தான் பாடம்.

டியூஷன் ஆசிரியரிடமும் பேசுங்கள்: ஒரே மாதிரி 20 கணக்குக்குப் பதில் கடினமானவை மூன்று, மீதி நேரம் ஒரே புதிர். எல்லாம் சட்டென்று வந்த பிள்ளைக்குத் தடுமாறிப் பழக்கமில்லை. முதல் தவறிலேயே அழலாம். அப்போது வழியைக் காட்டாமல், "8 குச்சியில் செய்து பாரேன்" என்றால் போதும்.