பாய்லர் மாடல்: ரிட்டர்ன் தண்ணீரைப் பிடியுங்கள்

இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு வீட்டில் மாட்டிய எரிவாயு பாய்லர் அநேகமாகக் கண்டென்சிங் வகைதான், அதாவது புகையில் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கி அந்த வெப்பத்தையும் எடுத்துக்கொள்வது. விளம்பரத் தாளில் இருக்கும் 92 சதவீதத் திறனை வைத்து வருடச் செலவைக் கணக்குப் போடாதீர்கள். ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அதற்கேற்பத் திறன் ஏறி இறங்கும். அந்த ரிட்டர்ன் வெப்பநிலையைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மாடலே, அதாவது இந்தக் கணக்கே. எக்செல் போதும்.

முதலில் வீட்டின் வெப்ப இழப்பு. குளிர்காலத்தில் வாராவாரம் மீட்டரைக் குறித்து, கன மீட்டரை 11.2 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிலோவாட் மணி வந்துவிடும். கோடையில் வெந்நீருக்கும் சமையலுக்கும் ஆகிற அளவைக் கழித்து, மீதியை 168 மணியால் வகுத்து, உள்ளே வெளியே வெப்பநிலை வித்தியாசத்துக்கு எதிராக வரைபடம் போட்டு, சாய்வை எடுங்கள். அது எரிவாயுக் கணக்கு, வெப்பம் இல்லை, இப்போதைக்குத் திறன் 0.88 என்று வைத்து அதனால் பெருக்கிக்கொள்ளலாம், அப்புறம் திருத்தலாம்.

டிகிரிக்கு 200 வாட் வந்தது என்று வையுங்கள். உள்ளே 20, வெளியே 5 என்றால் தேவை 3 கிலோவாட். ரேடியேட்டர்களின் மொத்த ரேட்டிங் 9 கிலோவாட், ஆனால் அது தண்ணீர் அறையைவிட 50 டிகிரி சூடாக இருக்கும்போது. வெப்பம் வித்தியாசத்தின் 1.3 அடுக்காக மாறும், அதனால் 3/9 ஐ 1/1.3 அடுக்குக்கு உயர்த்தி 50 ஆல் பெருக்கினால் 21.5. சராசரித் தண்ணீர் 41.5 டிகிரி, போவதற்கும் வருவதற்கும் 10 டிகிரி இடைவெளி என்றால் ரிட்டர்ன் 36.5. மைனஸ் 3 டிகிரிக் குளிரிலும் இதே கணக்கில் 45தான் வருகிறது.

புகையில் இருக்கும் நீராவி ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழேதான் தண்ணீராகும். அதற்கு மேலே ரிட்டர்ன் இருந்தால் 87 சதவீதம் என்று வையுங்கள். கீழே நேர்கோடு போடாதீர்கள், பலரும் தப்புவது இங்கேதான். பூரித நீராவி அழுத்தம் (அந்த வெப்பநிலையில் நீராவி தண்ணீராகாமல் தாங்கும் அதிகபட்ச அழுத்தம்) 55 இல் 15.7, 45 இல் 9.6, 36.5 இல் 6.1 கிலோபாஸ்கல். அழுத்தம் 15.7 இலிருந்து எத்தனை பங்கு குறைந்ததோ, அதைப் பத்தால் பெருக்கி 87 உடன் கூட்டுங்கள்: 45 இல் ஏறக்குறைய 91, 36.5 இல் 93. புகை ரிட்டர்னைவிடச் சில டிகிரி சூடாகத்தான் வெளியேறும், ஆகவே இது கொஞ்சம் தாராளமான கணக்கு. ஐரோப்பியத் தாளில் 107 சதவீதம் என்று பார்த்தால் மிரள வேண்டாம், அது நிகர வெப்ப மதிப்பில் (நீராவியில் இருக்கும் வெப்பத்தைச் சேர்க்காமல்) சொன்னது, 1.11 ஆல் வகுங்கள்.

சரி, பாய்லரின் குறைந்தபட்ச அளவு 5 கிலோவாட், தேவை 3 என்றால்? எரிந்து எரிந்து அணையும். எரியும் நேரத்தில் 5 கிலோவாட் பாய்வதால் ரிட்டர்ன் 36.5 க்கு மேலே ஏறிவிடும், அந்த நேரத்துக்குத் திறனைத் தனியாகப் போடுங்கள். கடைசியில் கிடைத்த சராசரித் திறனை 0.88 இருந்த இடத்தில் வைத்து இன்னொரு முறை ஓட்டினால் எண்கள் நிலைக்கு வந்துவிடும்.