ஜெர்மன் காப்பீட்டுடன் பிரான்சில் ஒரு செமஸ்டர்: மருத்துவச் செலவைத் திரும்பப் பெறும் முறை

ஜெர்மனியில் அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் உள்ள மாணவர், பரிமாற்றத் திட்டத்தில் சில மாதங்கள் பிரான்சில் தங்கிப் படிக்கச் சென்றால், அங்கே புதிதாக ஒரு காப்பீடு எடுக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் அட்டையே போதும். நான் லியோன் நகரில் ஐந்து மாதம் இருந்தபோது இதைத் தெரிந்துகொண்டேன். பணத்தைத் திரும்பப் பெறுவதில் மட்டும் சறுக்கினேன்.

முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் இருப்பதுதான் இ.எச்.ஐ.சி. எனப்படும் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை. அதன் 9ஆம் கட்டத்தில் உள்ள காலாவதித் தேதி, நீங்கள் திரும்பி வரும் நாளுக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அட்டை தொலைந்தாலோ புதியது வந்து சேரத் தாமதமானாலோ, காப்பீட்டு நிறுவனத்திடம் தற்காலிக மாற்றுச் சான்றிதழ் கேளுங்கள். அதற்கும் அட்டைக்குரிய மதிப்பு உண்டு. நான் அதை முன்கூட்டியே வாங்கிக் கைப்பேசியில் வைத்திருந்தேன். அட்டையின் புகைப்படத்தை நம்பிப் போவதைவிட இது மேல் என்பது என் கருத்து.

அடுத்து, மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது. பிரான்சில் அரசுக் காப்பீட்டுடன் ஒப்பந்தம் உள்ள மருத்துவர்களிலும் இரு வகை உண்டு. 'செக்தர் 1' மருத்துவர்கள் நிர்ணயித்த கட்டணத்தையே வாங்குவார்கள். பொது மருத்துவருக்கு அது 2024 டிசம்பரிலிருந்து 30 யூரோ. 'செக்தர் 2' மருத்துவர்கள் கூடுதலாக வாங்கலாம், அந்தக் கூடுதல் தொகை உங்களுக்குத் திரும்ப வராது. ஆகவே முன்பதிவு செய்யும்போதே செக்தர் எது என்று பார்த்துவிடுங்கள்.

இனி நான் இடறிய இடம். ஜெர்மனியில் அட்டையை நீட்டிவிட்டுப் பணம் கொடுக்காமல் வெளியே வந்து பழகியவர்களுக்கு, பிரான்சில் முழுக் கட்டணத்தையும் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது புதிதாக இருக்கும். பணம் கொடுத்ததும் மருத்துவர் 'ஃபாய் த சுவான்' என்னும் சிகிச்சைப் படிவத்தைத் தருவார். மருந்துக் கடையிலும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நான் அதை வெறும் ரசீது என்று நினைத்து, ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கோப்பில் செருகிவிட்டேன். ஜெர்மன் நிறுவனத்திடமும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், பிரெஞ்சுக் கட்டண விகிதப்படி எவ்வளவு தர வேண்டும் என்று அவர்கள் அங்கே கேட்டறிய வேண்டியிருந்ததால் மாதக்கணக்கில் காத்திருந்தேன். படிவத்தில் கையெழுத்திட்டு, மருந்துச் சீட்டின் நகல், அட்டையின் இருபுற நகல், வங்கிக் கணக்கின் ஐபான் எண், முகவரி ஆகியவற்றைச் சேர்த்து, அங்கே தங்கியிருக்கும்போதே அந்தப் பகுதியின் அரசுக் காப்பீட்டு அலுவலகமான 'சே.பே.ஆ.எம்.'முக்கு அஞ்சலில் அனுப்பியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அனுப்பும் முன் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுத் தொகையும் வராது. மருத்துவர் கட்டணத்தில் 70 சதவீதம், அதாவது 30 யூரோவுக்கு 21 யூரோ கணக்காகும். அதிலும் 2 யூரோ கழிப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே விகிதம்தான் என்பதால் இதைப் பற்றிச் சண்டையிட இடமில்லை. சிகிச்சைக்காகவே பயணம் செய்வது, தனியார் மருத்துவம், நோயாளியைத் தாய்நாட்டுக்கு அழைத்துவரும் செலவு ஆகியவற்றுக்கு அட்டை பயன்படாது. பிரான்சில் சம்பளத்துக்கு வேலை செய்யத் தொடங்கினால் கணக்கே மாறிவிடும். வேலை செய்யும் நாட்டின் காப்பீட்டுக்குள் போக வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை: இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சிலர் கேட்டபோதுதான், அட்டையில் எங்கும் அச்சிடப்படாத ஒரு விதி எனக்குத் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வாழும் பிற நாட்டவர்களுக்கும் இந்த உரிமை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் டென்மார்க், சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய ஐந்து நாடுகளில் பொதுவாக அது அவர்களுக்குச் செல்லாது. அகதித் தகுதி பெற்றவர்களுக்கும், ஒன்றியக் குடிமக்களின் குடும்பத்தினருக்கும் நிலைமை வேறு. லியோனிலிருந்து ஜெனீவாவுக்கு ரயிலில் இரண்டே மணி நேரம் என்பதால் வார இறுதியில் எல்லை தாண்டிவிடுவோம். அதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் தனியார் பயணக் காப்பீடு எடுங்கள். ஆண்டுக் காப்பீடுகள் பலவும் ஒரு பயணத்தின் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், செமஸ்டர் முழுவதற்கும் செல்லுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.