வேற்றுக்கோள் உயிர்களைப் படைப்பவர்கள் செய்யும் தவறுகள்

மாதம் ஒரு ஞாயிறு, பாளையங்கோட்டையில் அறிவியல் புனைகதை எழுத வரும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். ஒரு வேற்றுக்கோளை எடுத்துக்கொண்டு அங்கே உயிர்கள் எப்படி வாழும் என்று எழுதிவரச் சொன்னால், இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தப்புகளை அப்படியே செய்துகொண்டு வருகிறார்கள். பச்சைத் தோல், முட்டைக் கண், தமிழ் பேசும் ஜந்து இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

தேவைப்பட்டது, உடனே முளைத்தது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கோளில் காற்று குறைவு. அதனால் உயிர்கள் பெரிய நுரையீரலை வளர்த்துக்கொண்டன." வளர்த்துக்கொள்ள அது என்ன மீசையா?

என் முதல் நாவலில் ஈர்ப்பு அதிகமுள்ள கோளில் மனிதர்கள் குடியேறுவார்கள். மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் உலக்கை மாதிரி கால்களோடு பிறப்பார்கள். பதினோரு மாத உழைப்பு. படித்துப் பார்த்த ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர், ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "கால் மெலிந்தவர்கள் என்ன ஆனார்கள்?" என் கதையில் யாரும் சாகவில்லை, யாருக்கும் பிள்ளை குறையவில்லை. அப்புறம் எப்படிக் கால் தடிக்கும்? மொத்தத்தையும் பரணில் தூக்கிப் போட்டேன்.

போன தை மாதம் பிள்ளைகளைக் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போனேன். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வரித்தலை வாத்துகள் கரையோரப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. உடம்பில் கருவி கட்டிப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலும் பறந்திருக்கிறது. அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற அதன் ஹீமோகுளோபின், ஆக்சிஜனை மற்ற வாத்துகளுடையதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்றேன்.

"சார், மலையப் பாத்துதான் ரத்தத்த மாத்திக்கிட்டோ?" என்றாள் ஒரு பெண்.

"இல்லம்மா. மாற்றம் முதலில் தற்செயலாக ஏதோ சில வாத்துகளுக்கு வந்தது. உயரத்தில் அவை அதிகம் பிழைத்தன, அதிகம் குஞ்சு பொரித்தன. மற்றவற்றின் வம்சம் தேய்ந்தது."

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பமும் உண்டு. நீங்கள் லடாக்கில் மலை உயரத்தில் இருக்கிற லே நகரில் போய்ச் சில வாரம் தங்கினால் ரத்தத்தில் சிவப்பணு கூடும். அது உடம்பு செய்கிற சமாளிப்பு, ஊர் திரும்பினால் போய்விடும், உங்கள் பிள்ளைக்கு வராது. கதையில் இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். யார் தோற்றார்கள், எத்தனை தலைமுறை ஆனது என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஒரு கோளுக்கு ஒரே வானிலை

"பாலைக் கோள்", "பனிக் கோள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். காலையில் பாபநாசத்தில் குளித்துவிட்டு பஸ் ஏறினால், வயல்காடெல்லாம் தாண்டித் திசையன்விளைப் பக்கம் செம்மணல் தேரியில் இறங்கி, சாயங்காலம் உவரியில் கடல் பார்க்கலாம். ஒரு ஜில்லாவுக்குள்ளேயே இவ்வளவு. தேரி மணலில் நிற்கிற பனையைக் கொண்டுபோய் மலைக்காட்டுக்குள் நட்டுப் பாருங்கள்.

எறும்பை யானை ஆக்குவது

நீளத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்கு, காலின் குறுக்குப் பரப்போ நாலு மடங்குதான். கால் முறியும். கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார்.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் உயிரே இல்லை

நம் பூமியின் காற்றில் அது சேர ஆரம்பித்ததே சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னால்தான். நுண்ணுயிர்கள் அதற்கும் மூத்தவை.

இலை என்றால் பச்சை

2016-ல் கண்டுபிடித்த பிராக்சிமா பி என்கிற வேற்றுக்கோள் சுற்றுவது ஒரு செங்குறு விண்மீனை, அதாவது சூரியனைவிடச் சின்னதாய், மங்கலாய், சிவப்பாய் எரிகிற விண்மீனை. அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதி அகச்சிவப்பு. அங்கே செடி என்று ஒன்று இருந்தால், கிடைத்த ஒளியையெல்லாம் உறிஞ்சுகிற கறுப்பு இலையாகவும் இருக்கலாம். ஒரு பையன் அந்தக் கோளில் ஆடிப்பட்டம் பார்த்து விதைக்க வைத்திருந்தான். அங்கே வருஷமே பதினோரு நாள்தான். பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால் ஆடி முழுசாக ஒரு நாள்கூட வராது.