ஃபிளேர் வந்தா ரேடியோல என்ன தெரியும்? வீட்ல இருந்தே பாக்கலாம் வாங்க

ஃபிளேர்னா சூரியன்ல திடீர்னு நடக்குற வெடிப்பு. அதப் பாக்க ஆன்டெனா எதுவும் வேணாம், ஒரு லேப்டாப்பும் நெட்டும் போதும்.

மொதல்ல ஒரு ஃபிளேர புடிக்கணும். அமெரிக்காவோட வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா (NOAA) சைட்ல கோஸ் (GOES) சாட்டிலைட் எக்ஸ்ரே கிராஃப் இருக்கும், கோடு எங்க விறுவிறுன்னு ஏறி மெதுவா எறங்குதோ அதான் ஃபிளேர். ஃபிளேரோட பலத்த சி, எம், எக்ஸ்னு பிரிப்பாங்க, ஒவ்வொரு எழுத்தும் முந்தினத விட 10 மடங்கு, ஆரம்பத்துக்கு ஒரு எம் எடுத்துக்கோங்க. நேரம் யுடிசில இருக்கும், 5.30 மணி நேரம் கூட்டுங்க, அது நம்ம பகலா வரணும், ஏன்னா அடுத்து பாக்கப்போற ரிசீவர் ஊட்டில இருக்கு.

இப்ப ஈ-கலிஸ்டோ (e-CALLISTO) சைட்டுக்கு போங்க. உலகம் பூரா சின்ன சின்ன ரிசீவர வச்சு சூரியனோட ரேடியோவ பதிவு பண்ற கூட்டு இது. தேதி போட்டு ஊட்டி தேடுங்க, கிடைக்கலன்னா கௌரிபிதனூர். 15 நிமிஷத்துக்கு ஒரு படம்னு இருக்கும், படுக்கை வாக்குல நேரம், செங்குத்தா ஃபிரீக்வன்சி. ஃபிளேர் உச்சிக்கு போன நேரத்த மட்டும் பாத்தா கோட்டை விட்டுடுவீங்க, ஏற ஆரம்பிச்சதுல இருந்தே பாருங்க, எலக்ட்ரான் பாயுறது பெரும்பாலும் அப்பதான்.

படத்துல படுக்கையா விடாம ஓடுற கோடு நம்ம எஃப்எம் ஸ்டேஷன், அத விட்டுடுங்க. கிட்டத்தட்ட செங்குத்தா, சில செகண்ட்ல முடியிற கோடு இருக்கா? அதான் டைப் 3, எனக்கு ரொம்ப புடிச்சது. சூரியனுக்கு பக்கத்துல பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான் பிரிஞ்சு ஓடுற சூடான வாயு, அடர்த்தியா இருக்கும், அங்க இருந்து பெரிய ஃபிரீக்வன்சி வரும், சூரியன விட்டு வெளிய போகப்போக அடர்த்தி கொறையும் ஃபிரீக்வன்சியும் கொறையும், அதனால கோடு சாயுதுன்னா எலக்ட்ரான் கூட்டம் வெளிய பறக்குதுன்னு அர்த்தம், அதுவும் ஒளி வேகத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும்! 90 மெகாஹெர்ட்ஸ்னா ஒரு கன சென்டிமீட்டர்ல சுமார் 10 கோடி எலக்ட்ரான், 45னா அதுல கால் பங்கு, சுமார் 2.5 கோடி.

அதே சாய்வு நிமிஷக்கணக்குல மெதுவா எறங்கினா டைப் 2, அது பிளாஸ்மாவுக்குள்ள பாயுற அதிர்ச்சி அலை, பெரும்பாலும் சிஎம்இ, அதாவது சூரியன் வெளிய தூக்கி வீசுற பெரிய பிளாஸ்மா மேகம், அது கூட வரும்.

ஃபிளேர் இருந்தும் படம் காலியா இருந்தா பயப்படாதீங்க, எலக்ட்ரானுக்கு வெளிய போக வழி இல்லன்னா டைப் 3 வராது. வேற நாள் போட்டு பாருங்க. 1942 பிப்ரவரில பிரிட்டிஷ் ராணுவ ரேடார்ல எரைச்சல் வந்தப்ப அத ஆராய்ஞ்ச விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேயும் இப்படித்தான் ஒப்பிட்டாரு, எரைச்சல் வந்த திசைல சூரியன், அதுல அன்னிக்கு ஒரு பெரிய கரும்புள்ளி.