“உயிர் நண்பர்கள்” என்று மாற்றிச் சொல்லாதீர்கள்: தன்பாலீர்ப்புப் பாத்திரம் வரும் மாயக்கதையைப் பிள்ளைகளுக்கு வாசிப்பது எப்படி

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்து வாசிகசாலையில், சனிக்கிழமை பின்னேரங்களில், ஐந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு ஆங்கில மாயக்கதைகளைத் தமிழில் சொல்லி வருகிறேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணால் ஆங்கிலத்தைப் பார்த்து வாயால் தமிழில் சொல்கிற வேலை. தரம் 5 முதல் தரம் 9 வரை பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஊரிலும் தொடங்கியிருக்கிற சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கதையில் ஒரு பொடியன் இன்னொரு பொடியனைக் காதலிக்கிற இடம் வந்தால் என்ன செய்வது, தாண்டிப் போகலாமா, அப்படி ஒரு பாத்திரம் பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கத்தான் வேண்டுமா? இருக்கவேண்டும். தாண்டிப் போகக்கூடாது. அதை எப்படி வாசிப்பது என்று நான் பிழைவிட்ட இடத்திலிருந்தே சொல்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியோர்டனின் கதைகளில் நிக்கோ என்று ஒருவன் வருவான். பாதாளத்துக் கடவுளின் மகன், எங்கள் பிள்ளைகளுக்கு அவன் ‘எமன்ரை மகன்’. 2016இல் வந்த ஒரு புத்தகத்தில் அவனும் வில் என்ற இன்னொருவனும் காதலர்கள். வில் அப்பலோவின் மகன், காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். அந்த இடம் வந்தபோது கதவடியில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். என் வாய் தானாகவே “உயிர் நண்பர்கள்” என்று சொல்லிவிட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமை தரம் 8 பிள்ளை ஒருத்தி, கனடாவில் இருக்கும் சித்தி அனுப்பிய அதே புத்தகத்தோடு வந்து, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, பக்கத்தைத் திறந்து காட்டினாள். “அண்ணா, அவையள் ப்ரெண்ட்ஸ் இல்லை, லவ் பண்ணீனம். ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?” என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குப் பிறகு நான் சொன்ன மற்றக் கதைகளிலும் எதை மாற்றினேன் என்று அவள் யோசித்திருப்பாள், அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் சொன்னேன், போன தடவை ஓரிடத்தில் பிழையாகச் சொல்லிவிட்டேன், அவர்கள் இருவரும் காதலர்கள் என்று. “ஓ” என்றார்கள். பிறகு “மற்றது என்ன நடந்தது?” என்றார்கள். அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, புத்தகத்தை முழுவதும் நீங்கள் முன்கூட்டியே வாசிப்பது. வாய் தடுமாறுவது ஆயத்தம் இல்லாதபோதுதான். அந்த இடத்தை எப்படித் தமிழில் சொல்வேன் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லும் முக்கியம். பத்திரிகைகளில் வரும் ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல்லைப் பிள்ளைகள் முன்னால் எடுக்காதீர்கள், அது ஒரு மனிதரின் முழு மனத்தையும் உடலுறவுக்குள் சுருக்கிவிடுகிறது. ‘தன்பாலீர்ப்பு’ நல்ல சொல், ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அதுவும் தேவையில்லை. “நிக்கோவுக்கு வில்லில் விருப்பம்” போதும். பெரிய பிள்ளைகள் ‘கே’ என்ற சொல்லைப் போனில் பார்த்து அறிந்துதான் வருகிறார்கள், கேட்டால் பொருளைச் சொல்லுங்கள். ராஜகுமாரன் ராஜகுமாரியைக் கட்டினான் என்று முன்பள்ளியிலேயே கதை சொல்கிறோம். அங்கே ‘கட்டினான்’ என்றால் என்ன என்று நாங்கள் விளங்கப்படுத்துவதில்லை. இங்கேயும் அதே அளவு போதும்.

எந்தப் புத்தகத்தை எடுப்பது? பாத்திரத்தின் விருப்பம் எழுத்திலேயே இருக்கிற புத்தகத்தை எடுங்கள். ஹரி பொட்டர் வரிசையின் ஏழாவது புத்தகம் 2007 ஜூலையில் வந்தது. அதில் மாயப்பள்ளி அதிபராக வரும் டம்பிள்டோர் தன்பாலீர்ப்பாளர் என்று எழுத்தாளர் ரௌலிங் சொன்னது அதே ஆண்டு ஒக்டோபரில், நியூயோர்க்கில் ஒரு வாசகர் கேட்ட கேள்விக்கு. ஏழு புத்தகத்தையும் முடித்த பிள்ளை அதைப் புத்தகத்தில் எங்கே பார்ப்பது? கிரிண்டெல்வால்ட் என்ற மந்திரவாதியோடு அவருக்கு ஓர் இளவயது நட்பு இருக்கிறது, கடிதம் இருக்கிறது, 1945இல் நடந்த சண்டை இருக்கிறது, அந்த ஒரு விஷயம் மட்டும் வாயைத் திறந்து சொல்லப்படவில்லை. 2022இல் வந்த திரைப்படத்தில் ஒருவழியாகச் சொன்னார்கள், சீனாவில் திரையிட்டபோது அந்த வசனங்களை ஆறு விநாடி வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் “உயிர் நண்பர்கள்” என்று சொன்னதும் அதே வெட்டுத்தான். பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகங்கள் பிடிக்கும், சொல்லுங்கள், ஆனால் இதற்காக அதை நம்பியிருக்காதீர்கள்.

2013இல் வந்த ரியோர்டன் புத்தகம் ஒன்றில் நிக்கோ வருகிற இடம் வேறு மாதிரி. இதைப் பதினொரு பன்னிரண்டு வயதுக்கு மேல் சொல்லுங்கள், அவசரப்படாமல் சொல்லுங்கள். நிக்கோ 1930களின் இத்தாலியில் பிறந்தவன், காலம் உறைந்த ஒரு மாயவிடுதியில் அடைபட்டு எங்கள் காலத்துக்கு வந்து சேர்ந்தவன். கதைநாயகன் பேர்சி ஜக்சன் மேல் தனக்கு இருந்த விருப்பத்தைப் புத்தகம் புத்தகமாக ஒளித்துவைத்திருக்கிறான். காதல் கடவுள் கியூபிட் அவனை அடித்து விழுத்தி, வாயைப் பிடுங்கி, அதைச் சொல்லவைக்கிறது. பக்கத்தில் நின்று கேட்டுவிட்ட தோழன் ஜேசன் சிரிக்கவில்லை, போய் ஒருவருக்கும் சொல்லவுமில்லை. இதைச் சொல்லும்போது எங்கள் வாசிகசாலையில் தகரக்கூரையில் அணில் ஓடுவதுகூடக் கேட்டது. ஒரு பொடியன் கியூபிட்டைப் பற்றி “உது அநியாயம்” என்றான். அவன் சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்கவேண்டாம். பாடம் நடத்தத் தொடங்கினால் கதை செத்துவிடும்.

கியூபிட்டின் வேலையை நீங்கள் செய்துவிடாதீர்கள் என்பது இன்னொன்று. கதை முடிந்தபின் ஒரு பிள்ளை வழமையைவிட அமைதியாக இருக்கலாம். “என்ன, உனக்கும் அப்படியோ?” என்று தனியாகக் கூப்பிட்டுக்கூடக் கேட்காதீர்கள். அதுவாக வந்து சொன்னால் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், தாய் தகப்பனிடம்கூடக் கொண்டுபோகாதீர்கள். சின்ன ஊரில் ஒரு சொல் குளக்கட்டைத் தாண்டுமுன் பத்துச் சொல்லாகிவிடும், அடி விழுவது அந்தப் பிள்ளைக்குத்தான்.

பகிடி வரும். யாராவது ஒருவன் பக்கத்தில் இருப்பவனைக் காட்டி “ஒன்பது” என்பான். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். குரலை உயர்த்தவேண்டியதில்லை, “இங்கே அந்தச் சொல் இல்லை” என்றால் போதும், கதையைத் தொடருங்கள். “இது ஒரு வருத்தமா அண்ணா?” என்றும் கேட்பார்கள். இல்லை, உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று நேரே சொல்லுங்கள்.

பெற்றோர் வருவார்கள். என்னிடம் வந்த அக்கா ஒருவர் கேட்டது: “தம்பி, உதெல்லாம் இந்தப் பிள்ளையளுக்கு என்னத்துக்கு?” கோபமில்லை, பயம். அவரை இருத்தி, அந்தப் பக்கத்தை அப்படியே தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் மனதில் நினைத்து வந்தது அதில் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. பிறகு நான் இன்னொன்றும் சொன்னேன். எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அம்மம்மாவோடு இருக்கிறார்கள், 2009க்குப் பிறகு தகப்பன் எங்கே என்றே தெரியாத வீடுகள் இந்த ஒழுங்கையிலேயே உண்டு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்று மட்டும் குடும்பத்தைக் காட்டுகிற கதை அவர்களுக்கு எப்படிக் குத்தும் என்று எங்களுக்குத் தெரியும். பேர்சியைத் தாய் தனியே வளர்த்தாள் என்று வாசித்த அன்று இரண்டு பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்ததை நான் கண்டவன். நிக்கோவைப் பார்த்து நிமிர்கிற பிள்ளையும் இங்கே இருக்கும். அந்த அக்கா சம்மதம் என்று சொல்லவில்லை, ஆனால் மகளை அனுப்புவதை நிறுத்தவுமில்லை. வயதானவர்களோடு கதைக்கும்போது கூத்தையும் பாரதத்தையும் எடுக்கலாம். ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடிய கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்கள் அவர்கள், சிகண்டியையும் பிருகன்னளையையும் அறிந்தவர்கள். அது வேடமும் பால் மாற்றமும், இது யார்மேல் விருப்பம் என்பது; அது வேறு, இது வேறு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், இரண்டையும் குழப்பினால் பிள்ளைகளும் குழம்புவார்கள்.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவோர் இருப்பார்கள். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் பிரித்தானியர் விட்டுப்போனவை, 1995இல் திருத்தியபோது பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். அதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் சொல்லியிருக்கிறது. அந்தப் பிரிவுகள் செயலைப் பற்றியவை, கதைப்புத்தகம் வாசிப்பதைப் பற்றியவை அல்ல.

கடைசியாக, புத்தகத்தை எங்கே வைப்பது என்பது. தனி அலுமாரி வேண்டாம், மேல்தட்டும் வேண்டாம், பிள்ளையின் கை எட்டுகிற தட்டில் மற்றக் கதைப்புத்தகங்களோடு வையுங்கள். எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே மாதிரிப் பத்திரிகைத்தாள் உறை போடுங்கள், அப்போது எதைக் கொண்டு போகிறான் என்று பார்க்கிற ஆளுக்குத் தெரியாது. இரவல் கொப்பியில் புத்தகத்தின் பெயரை எழுதாமல் இலக்கம் மட்டும் எழுதுங்கள், கொப்பியை மேசை லாச்சிக்குள் வையுங்கள். எங்கள் கொப்பியில் 41ஆம் இலக்கம் ஒரே பிள்ளையிடம் மூன்று தடவை போய் வந்திருக்கிறது. நாலாவது தடவை கேட்டபோது முதுகுப்பக்கம் கழன்றிருந்தது, பசை போட்டுக் காயவைத்துக் கொடுத்தேன்.