அரிகா பாம் வாங்கி வைத்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சரியில் பச்சைப் பசேலென்று நின்ற அரிகா பாம், வீட்டுக்கு வந்த மூன்றே மாதத்தில் நுனி கருகி, மட்டை தொங்கி, "என்ன செய்தாலும் பிழைக்க மாட்டேன் என்கிறதே" என்று நம்மைப் புலம்ப வைக்கும். எனக்கும் அப்படி இரண்டு செடிகள் போயின. மூன்றாவது ஏழு வருடமாக நன்றாக நிற்கிறது. இதற்கு நான் கூடுதலாக எதுவும் செய்யவில்லை, முன்பு செய்த சில காரியங்களை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயம். அரிகா என்ற பெயரைக் கேட்டு இதைப் பாக்கு மரம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். பாக்கு மரம் வேறு. இது மடகாஸ்கர் தீவின் கிழக்குப் பக்கத்து ஈரக்காடுகளைச் சேர்ந்த பனை. காற்றில் ஈரம் வேண்டும், ஆனால் வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்கவே கூடாது. கீழே சொல்வதில் பாதி இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

மிகப் பெரிய தவறு தண்ணீர்தான். தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றுவது பாசம் மாதிரி தெரியும், ஆனால் தொட்டிக்குள் வேர் மூச்சு விட முடியாமல் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை வாடும், இலை வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தேவைப்படும், ஐப்பசி கார்த்திகை மழையில் வாரம் ஒரு முறைகூட வேண்டியிருக்காது. தரை அழுக்காகக் கூடாது என்று அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நின்றால் அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது என்ன தண்ணீர் என்பது. என் முதல் செடி போனதற்குக் காரணம் இதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் பிடித்துப் பிடித்து அதற்கே ஊற்றினேன். மெஷின் வடிகட்டித் தள்ளுகிற உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது! அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், தொட்டிச் செடிக்கு வேண்டாம். உப்பான போர் தண்ணீரும் இதே கதைதான். தண்ணீரோடு ஏறுகிற உப்பு இலை நுனியில் போய்ச் சேர்ந்து அங்கே கருகலாகத் தெரியும். மழைத் தண்ணீர் கிடைக்கும்போது பிடித்து வைத்து ஊற்றுங்கள். அது முடியாதவர்கள் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரைத் தொட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி, மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவி வெளியே விடலாம். கருகிய நுனியை வெட்டுவதென்றால் பழுப்பில் ஒரு நூல் அளவு விட்டு வெட்டுங்கள், பச்சையில் கத்தரி பட்டால் அங்கிருந்து மறுபடி காயும்.

கத்தரி என்றதும் சொல்லிவிடுகிறேன், உயரமாகிவிட்டது என்று தலையை வெட்டாதீர்கள். செம்பருத்தி மாதிரி பக்கத்தில் கிளைக்கும் என்று நினைத்து வெட்டிவிட்டு வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தென்னைக்குக் குருத்து போனால் மரம் போய்விடும் இல்லையா, அதேதான் இங்கேயும்: ஒவ்வொரு தண்டுக்கும் ஒரே ஒரு குருத்து, அதை வெட்டினால் அந்தத் தண்டு முடிந்தது. உயரம் பிரச்சனை என்றால் அந்த ஒரு தண்டை மட்டும் அடியோடு எடுங்கள், அடியிலிருந்து வருகிற புதுக்கன்றுகள் இடத்தை நிரப்பும்.

மஞ்சளைக் கண்டு பதறுவதும் வேண்டாம். காம்பும் தண்டும் பொன்மஞ்சளாக இருப்பது இந்தப் பனையின் இயல்பு, வெயிலில் வைத்தால் இன்னும் மஞ்சளாகும். அடிமட்டைகள் மட்டும் வெளிறிப் புள்ளி விழுந்தால் பெரும்பாலும் சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ் குறைவு. அப்போது அந்த மட்டையை உடனே வெட்டினால் இன்னும் கெடுதல், ஏனென்றால் செடி பழைய மட்டையிலிருந்து அந்தச் சத்தை எடுத்துத்தான் புதுக் குருத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. முழுக்கக் காய்ந்த பிறகு எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடலாம், சத்துக்குறைவு தெரிந்தால் பொட்டாஷ் உள்ள உரம் கொஞ்சமாக. யூரியா வேண்டவே வேண்டாம்.

இடம் பற்றி: காற்றைச் சுத்தம் செய்யும் என்று படித்துவிட்டு இருட்டுப் படுக்கையறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். 1989-இல் வெளிவந்த நாசா ஆய்வைச் சொல்வார்கள். அது காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்த சோதனை. கதவு திறந்து மூடுகிற வீட்டில் ஒரு தொட்டியால் அந்த அளவு வேலை நடக்காது. அழகுக்காக வையுங்கள், ஆனால் ஜன்னல் பக்கத்தில், ஏசி காற்று நேரே படாமல். அதுவரை நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் மொட்டை மாடி வெயிலுக்கு ஏற்றினால், அதுவும் கத்திரி வெயிலில், இலை வெந்துபோகும்.

நர்சரியில் இருந்து வந்த வேகத்தில் பெரிய தொட்டிக்கு மாற்றுவதும் தவறு. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். இரண்டு அங்குலம் கூடுதலான தொட்டி போதும். வேரோடு வருகிற ஒட்டுக் களிமண்ணை முரட்டுத்தனமாகப் பிய்க்காமல், தண்ணீரில் ஊறவைத்துக் கரைகிற அளவு கரைத்துவிட்டு வையுங்கள். தண்டின் அடி முன்பு இருந்த ஆழத்திலேயே இருக்கட்டும், புதைத்தால் அழுகும். செம்மண், மணல், கோகோபீட் (தென்னை நார்த்தூள்), மண்புழு உரம் கலந்த மண் நன்றாக வடியும். அப்புறம், இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். நூலாம்படை மாதிரி தெரிந்தால் செஞ்சிலந்தி, வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளித்தால் போதும், வாரம் ஒரு முறையாக மூன்று வாரம்.