டவுன்ஷிப் வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் டவுன்ஷிப் என்னும் கிராமப்புற உள்ளாட்சிப் பிரிவு ஒன்றின் பழைய கதையை எழுதப் புறப்படுகிறவர்கள், நாங்கள் தொடங்கிய காலத்தில் இடறிய அதே இடங்களில்தான் இன்றும் இடறுகிறார்கள். பெயரைப் பிழையாகப் படிப்பது, ஆண்டை மாற்றி எழுதுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளவைச் சதுரமும் நிர்வாக டவுன்ஷிப்பும் ஒன்றென்று கொள்வது

1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம், நிலத்தை ஆறு மைல் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரிக்கச் சொன்னது; அந்தச் சதுரத்துக்கும் டவுன்ஷிப் என்றே பெயர். ஒவ்வொரு சதுரத்திலும் 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்கள். சாலை போட்டு, வரி வசூலித்து, ஏழைகளுக்கு உதவிய டவுன்ஷிப் என்பது மாநிலச் சட்டத்தால் வந்த வேறோர் அமைப்பு. இரண்டின் எல்லையும் பல இடங்களில் பொருந்தும். ஆறு குறுக்கிட்டாலோ நகரம் வளர்ந்தாலோ பொருந்தாமல் போகும். இல்லினாய் மாநிலத்தின் உட்பிரிவுகளான 102 கவுண்டிகளில் 17இல் டவுன்ஷிப் நிர்வாகமே இல்லை. அங்கே போய் டவுன்ஷிப் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டால் கையை விரிப்பார்கள்.

மெரிடியனைக் குறிக்காமல் விடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. டவுன்ஷிப் (வடக்கு தெற்கு வரிசை எண்), ரேஞ்ச் (கிழக்கு மேற்கு வரிசை எண்), செக்‌ஷன் ஆகிய மூன்று எண்களும் கையில் இருந்தால் நிலத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அளவைக்கு ஆதாரமாக வைத்த எந்தத் தென்வடல் கோட்டை, அதாவது எந்த மெரிடியனை, ஒட்டி அவை எண்ணப்பட்டன என்று தெரியாவிட்டால், அது ஊர்ப் பெயர் இல்லாத சர்வே எண்தான். இல்லினாயில் மட்டும் இரண்டாம், மூன்றாம், நான்காம் மெரிடியன்கள் புழங்குகின்றன. ‘டவுன்ஷிப் 11 வடக்கு, ரேஞ்ச் 1 கிழக்கு’ என்பது நான்காம் மெரிடியனில் நாக்ஸ் கவுண்டியின் கேல்ஸ்பர்க்; மூன்றாம் மெரிடியனில் கிறிஸ்டியன் கவுண்டியின் பானா. இரண்டுக்கும் இடையே நூறு மைலுக்கு மேல் தூரம்.

ஒரு குடும்பத்தின் பண்ணை வரலாற்றைத் தொகுத்த இளைஞர் ஒருவர் தம் கையெழுத்துப் பிரதியை என்னிடம் காட்டினார். பண்ணை இருந்தது கேல்ஸ்பர்க் பக்கம். அவர் பணம் கட்டி வாங்கி வைத்திருந்த சான்றிட்ட நகல்களோ பானா பக்கத்து நிலங்களுக்கு உரியவை. விற்றவரின் பெயர் பொருந்தாததைக் கண்டு சந்தேகப்படுவதற்குப் பதிலாக, இடையில் ஒரு கைமாற்றம் நடந்திருக்க வேண்டும் என்று ஊகித்து, அதற்கென ஒரு பத்தியையே சேர்த்திருந்தார். இந்தத் தவறு தானாக வெளிப்படவும் செய்யாது. இல்லினாயின் எல்லாச் சதுரங்களிலும் அதே 36 எண்கள். எங்கும் 16ஆம் செக்‌ஷன் பள்ளிக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே தவறான சதுரமும் சரியானதைப் போலவே காட்சி தரும்.

உள்ளூர்ப் பத்திரத்தில் மெரிடியன் எழுதப்படாமலும் இருக்கலாம். எழுதியவருக்கும் பதிந்தவருக்கும் சொல்லாமலே தெரிந்த விஷயம் அது. அப்படியானால் மத்திய அரசு வழங்கிய முதல் பட்டாவைப் பார்க்க வேண்டும். குவின்சி நில அலுவலகத்தில் விற்கப்பட்ட நிலம் என்று அதில் கண்டிருந்தால், நான்காம் மெரிடியன் என்று கொள்ளலாம்.

எல்லாச் சதுரமும் ஆறு மைல் என்று நம்புவது

ஒஹாயோவில் நம்ப வேண்டாம். அதன் வடகிழக்குப் பகுதியான வெஸ்டர்ன் ரிசர்வில் பக்கத்துக்கு ஐந்து மைல்தான். வர்ஜீனியா படைவீரர்களுக்கென ஒதுக்கிய பகுதியில் சதுரமே கிடையாது, மரத்தையும் ஓடையையும் அடையாளம் வைத்து அளந்தார்கள்.

1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடுவது

1921ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் மிஞ்சியவை சில துண்டுகளே.

இன்றைய கவுண்டியில் மட்டும் தேடுவது

கிறிஸ்டியன் கவுண்டியே 1839இல்தான் உருவானது. முந்தைய பதிவுகள் தாய்க் கவுண்டிகளில் இருக்கும்.

வடிகால் பதிவேட்டைப் புரட்டாமல் விடுவது

தேவாலயம், பள்ளி, ரயில் பாதை ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். நீர் தேங்கிக் கிடந்த புல்வெளி மக்காச்சோள நிலமாக மாறியது மண்ணுக்கடியில் பதித்த சுட்ட களிமண் குழாய்களால்தான் என்பதை எழுதுவோர் குறைவு. இல்லினாயில் 1879ஆம் ஆண்டின் சட்டங்களுக்குப் பிறகு அமைந்த ‘வடிகால் மாவட்டங்கள்’ என்னும் அமைப்புகள், செலவை நில உரிமையாளர்களிடையே பங்கிட்டன; யாருக்கு எந்த செக்‌ஷனில் நிலம், அவர் தலையில் எவ்வளவு கட்டணம் என்பதை அந்தப் பங்கீட்டுப் பட்டியலில் காணலாம். தேவாலய ஆண்டு மலர்களில் இடம்பெறாத ஊர்ச் சண்டைகளும் இவற்றோடு சேர்ந்த கோப்புகளில்தான் இருக்கின்றன; தம் நிலத்தில் தண்ணீரே தேங்குவதில்லை என்று சொல்லிப் பணம் கட்ட மறுத்த மேட்டு நிலத்துக்காரர்களின் ஆட்சேப மனுக்களை முதலில் தேடிப் பாருங்கள்.